சரசரக்கும் துணி

பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு துணிக்கடை. மகளுக்குப் பாவாடை தைக்கத் துணி வாங்க ஒரு தாய் வந்தார். கடைக்காரர் ஒரு துணியை விரித்தார். அது சரசரவென்று ஒலித்தது.

“டாபெட்டா அம்மா, சுத்தப் பட்டு” என்றார்.

டாபெட்டா என்பது நூலின் பெயர் அல்ல. ஒருவகை நெசவின் பெயர். ஊடை நூல் ஒரு பாவு நூலுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழும் மாறி மாறிப் போகும். நெருக்கமாக நெய்வதால் துணி விறைப்பாக நிற்கும். பாவும் ஊடையும் வேறு வேறு நிறம் என்றால், மயில் கழுத்துப் போல நிறம் மாறித் தெரியும்.

பட்டு நூலிலும் இதை நெய்யலாம். பாலியெஸ்டர் நூலிலும் நெய்யலாம். பாலியெஸ்டர் மலிவு. உள்துணிக்கு அதுவே போதும். பட்டின் விலை கொடுத்து அதை வாங்கினால்தான் நஷ்டம்.

துணி ஓரத்தில் ஒரு பாவு நூலையும் ஓர் ஊடை நூலையும் உருவித் தனித்தனியே எரித்துப் பார்க்கலாம். ஒன்று பட்டாகவும் மற்றது பாலியெஸ்டராகவும் இருக்கக்கூடும். பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். சூட்டோடு அதைத் தொடக்கூடாது.

மத்திய பட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் பெங்களூருவில்தான் உள்ளது. அதன் முயற்சியால் 2004-இல் ‘சில்க் மார்க்’ முத்திரை வந்தது. சுத்தப் பட்டுக்கு அது அடையாளம்.

“சில்க் மார்க் சீட்டு எங்கே? பில்லில் ‘சுத்தப் பட்டு’ என்று எழுதித் தருவீர்களா?” என்று தாய் கேட்டார்.

கடைக்காரர் துணியை மடித்தார். உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார்.