கைப்பிடிப் பயிற்சியும் இரத்த அழுத்தமும்

வெள்ளாற்றின் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுப் பாசனத்தில் நாளெல்லாம் உழைக்கும் உழவருக்கு இரத்தக் கொதிப்பு ஏது என்று எண்ணுவோர் பலர். அது தவறு. வலி ஏதும் காட்டாதிருந்து, ஒரு நாள் பக்கவாதமாக வெளிப்படும் நோய் அது.

மருந்துக்குத் துணையாகக் கொள்ளத்தக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. கைக்கடங்கும் ரப்பர்ப் பந்தை, முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்களவு அழுத்தி, தளர்த்தாமல் 2 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பின்பு 1 நிமிடம் ஓய்வு. இவ்வாறு 4 முறை. வாரத்தில் 3 நாள். அமெரிக்க இருதய மருத்துவச் சங்கங்கள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், கருவி கொண்டு அளந்து செய்யும் இம்முறை இடம்பெற்றுள்ளது. 8 முதல் 10 வாரங்களில் மேல் அழுத்தம் பாதரச அளவில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறையக்கூடும்.

கரும்பு வெட்டும் கைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கத்தி வீசுகையில் பிடி இறுகியும் தளர்ந்தும் மாறுகிறது; இங்கோ ஒரே அளவில் நிற்கிறது.

பிடிக்கும்போது மூச்சை அடக்கலாகாது. அழுத்தம் திடீரென ஏறிவிடும். அழுத்தம் மிக அதிகமாயுள்ளோரும் இருதய நோயாளிகளும் டாக்டரைக் கேளாமல் தொடங்கலாகாது. மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் பெருந்தவறு. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டிற்கே கொண்டுவரும் ஏற்பாடு. அதில் விடுபட்டோர் எவரெனப் பார்ப்பது பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத்தக்க பணி. பயிற்சியைத் தொடங்குமுன் ஒரு முறையும், இரண்டு மாதம் கழித்து ஒரு முறையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளவு பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.