பென்டிரைவைச் செருகும் முன்
சிறிய லினக்ஸ் மடிக்கணினியை மீட்கப் பழகும் தம்பி தங்கைகளுக்கு

2007 இறுதியில் தைவானின் அசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற குட்டி மடிக்கணினியைக் கொண்டுவந்தது. 7 அங்குலத் திரை, 512 எம்பி நினைவகம், 4 ஜிபி சேமிப்பு, உள்ளே லினக்ஸ். சிடி போட இடமே கிடையாது. சிஸ்டம் கெட்டால் பென்டிரைவ்தான் வழி என்ற பழக்கம் இதுபோன்ற கருவிகளோடுதான் வீடுகளுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன் படித்து முடித்த மடிக்கணினியைத் தங்கை பயன்படுத்துகிறாள், அவளுக்குப் பிறகு அப்பா வரவு செலவு எழுதுகிறார். அப்படிப்பட்ட ஒன்று ஒருநாள் கறுப்புத் திரையோடு உங்கள் முன் வந்து நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே. டிஸ்க்கைப் படிக்கும் வேலை வேறு, டிஸ்க்கில் எழுதும் வேலை வேறு. கட்டளை எதுவானாலும், பொத்தான் எதுவானாலும், அது எந்த வகை என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

1. கருவியைத் தொடும் முன் கொண்டுவந்தவரிடம் பேசுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எது போனால் தாங்க முடியாது என்று கேளுங்கள். பலர் “ஒன்றும் இல்லை, அழித்துவிடுங்கள்” என்பார்கள். இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தால் கல்யாண போட்டோ, கல்லூரி புராஜெக்ட், பத்திரத்தின் ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். கடைசியாக நல்லபடி ஓடியபோது என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனதா, யாராவது விண்டோஸை மறுபடி போட்டார்களா, கீழே விழுந்ததா? பாதி நோயை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

2. மீட்பு தேவையா என்று முதலில் பாருங்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் அழிக்கப்பட்ட மடிக்கணினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் வந்து நின்றால், சிஸ்டத்தை ஏற்றிவிடும் கிரப் என்ற சின்ன நிரல் தனக்கு வேண்டிய கோப்புகளைத் தேடிக் காணாமல் நிற்கிறது என்று பொருள். பார்ட்டிஷன்களை மாற்றினால் இப்படி ஆகும். விண்டோஸை மறுபடி நிறுவினால் கிரப்பே காணாமல் போய் நேராக விண்டோஸ் வந்து நிற்கும். இரண்டிலும் உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, பழைய சிஸ்டத்துக்குள் நுழைந்து கிரப்பை மட்டும் திரும்ப நிறுவினால் போதும்.

இன்னொன்று, கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் திரை ஒருமுறை கறுத்து மறுபடி கடவுச்சொல்லையே கேட்கும். சிறிய டிஸ்க் உள்ள கருவிகளில் இதற்கு அடிக்கடி காரணம் இடம் தீர்ந்துபோவதுதான். வரைகலைத் திரை தொடங்கும்போது சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும், எழுத இடமில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அதில் நுழைந்து, தரவிறக்கிய பழைய தொகுப்புகளையும் பெருத்துக் கிடக்கும் பதிவுக் கோப்புகளையும் நீக்கினால் கருவி எழுந்துவிடும். அதற்குப் போய் முழு டிஸ்க்கையும் துடைக்க வேண்டியதில்லை.

3. தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் பொத்தானைக் கடைசிக்கு வையுங்கள். ஈ பிசி 701-இல் தொடக்கத்தில் எஃப்9 அழுத்தினால் அந்த வசதி வரும். அதன் அமைப்பு அழகானது. மூல சிஸ்டம் ஒரு பார்ட்டிஷனில் யாரும் தொடாதபடி இருக்கும், நாம் செய்யும் மாற்றமெல்லாம் இரண்டாவது பார்ட்டிஷனில் சேரும், இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி மேலே ஓர் அடுக்கு. எஃப்9 அந்த இரண்டாவது பார்ட்டிஷனைக் காலி செய்துவிடும், கருவி வாங்கிய நாள்போல ஆகிவிடும். நம் கோப்புகளும் அதே இரண்டாவது பார்ட்டிஷனில்தான் இருந்தன. வேறு கருவிகளில் அமைப்பு வேறாக இருக்கலாம், விளைவு பெரும்பாலும் இதுதான்.

4. பென்டிரைவை நிதானமாகத் தயார் செய்யுங்கள். ஐஎஸ்ஓ கோப்பை பென்டிரைவுக்குள் சும்மா காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது. அதற்கென்று உள்ள எழுதும் நிரல் வழியாகவே ஏற்ற வேண்டும். தரவிறக்கிய கோப்பின் ஷா256 எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். நம் ஊர் இணைய இணைப்பில் பாதியில் அறுந்த கோப்பு முழுசுபோலவே உட்கார்ந்திருக்கும். மலிவாகக் கிடைக்கும் பென்டிரைவுகளில் 64 ஜிபி என்று காட்டிவிட்டு உள்ளே 8 ஜிபிகூட இல்லாதவை உண்டு. எஃப்3 என்ற சோதனை நிரல் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

எந்த லினக்ஸ் என்பதும் முக்கியம். உபுண்டு டெஸ்க்டாப் 2017-இல் வந்த 17.10 முதல் 32 பிட் ஐஎஸ்ஓ தருவதில்லை. 2025-இல் வந்த டெபியன் 13-இலும் 32 பிட் பிசிகளுக்கான நிறுவல் கிடையாது. டெபியன் 12 வரை உண்டு. எனவே ஈ பிசி 701 போன்றவற்றுக்குப் புதியதை எடுத்துக்கொண்டு போனால் ஏறாது. குழப்பம் தரும் இன்னொரு வகையும் இருக்கிறது. 2014 வாக்கில் வந்த மலிவு விலைச் சிறு கருவிகள் பலவற்றில் பிராசஸர் 64 பிட், ஆனால் கருவியைத் தொடங்கிவைக்கும் யூஇஎஃப்ஐ 32 பிட். நல்ல பென்டிரைவும் அவற்றில் கண்ணுக்கே தெரியாது. 32 பிட் யூஇஎஃப்ஐ பூட் கோப்பையும் சேர்த்துத் தரும் ஐஎஸ்ஓவைத் தேடுங்கள்.

5. இரண்டு பென்டிரைவ் வேண்டும். ஒன்று பூட் செய்ய, மற்றது கோப்புகளைக் காப்பாற்ற. ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள்.

6. பூட் மெனுவுக்கு எந்தச் சாவி என்பது கருவிக்குக் கருவி மாறும். லெனோவோ, டெல், ஏசரில் பெரும்பாலும் எஃப்12. ஏசரில் அதை எஃப்2 வழியாக உள்ளே போய் முதலில் இயக்கி வைக்க வேண்டியிருக்கும். எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஈ பிசியில் எஸ்கேப். பென்டிரைவ் தெரியவில்லையென்றால் வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள், அடுத்து செக்யூர் பூட் தடுக்கிறதா என்று பாருங்கள்.

7. ஏறியதும் ‘நிறுவாமல் பார்’ என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஓடுவது பென்டிரைவில் உள்ள லினக்ஸ், உள்ளே இருக்கும் டிஸ்க் தூங்குகிறது. அதைப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்யுங்கள். இங்கே பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. எக்ஸ்ட்4 கோப்பு முறை, படிக்க மட்டும் என்று சொன்னாலும், முன்பு பாதியில் நின்ற எழுத்துகளைத் தன் ஜர்னலிலிருந்து எடுத்து டிஸ்க்கில் எழுதி முடித்துவிடும். ஆரோக்கியமான டிஸ்க்கில் அது நல்லது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ‘நோலோட்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மையிலேயே எழுதாது. விண்டோஸ் பார்ட்டிஷன் பக்கத்தில் இருந்தால், அது முழுதாக அணையாமல் உறக்கநிலையில் இருக்கக்கூடும். அதிலும் படிப்பதோடு நிறுத்துங்கள்.

காப்பி எடுக்கும்போது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஹோம் அடைவு முழுவதையும் எடுங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த அடைவுகளில்தான் உலாவியின் புக்மார்க்குகளும், தண்டர்பேர்டின் அஞ்சல்களும், சாவிக் கோப்புகளும் இருக்கும். இரண்டாவது பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ உள்ள கோப்புகளும் தங்காது, அனுமதி விவரங்களும் போய்விடும். எக்ஸ்ட்4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களின் கருவி என்றால் எழுத்துருக்களையும் கட்டாயம் எடுங்கள். யூனிகோடு பரவும் முன் பாமினி, வானவில், டிஸ்கி என்று பல முறைகளில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. பாமினியில் எழுதியது உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் கோப்பில் கிடக்கும், மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளிச் சாவி. அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். புது லினக்ஸில் அது இல்லாவிட்டால் ஒரு ஆசிரியர் பத்தாண்டாகச் சேர்த்த வினாத்தாள்கள் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும், கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அவரே அழித்துவிடுவார். மறைந்த ‘ஃபான்ட்ஸ்’ அடைவு சில எம்பிதான். அதை விட்டுவிடாதீர்கள்.

காப்பி முடிந்ததாகத் திரை சொன்னாலும் உடனே பென்டிரைவைப் பிடுங்க வேண்டாம். எழுத வேண்டியது இன்னும் நினைவகத்தில் காத்திருக்கலாம். முறைப்படி வெளியேற்றி, வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

8. டிஸ்க் விட்டுவிட்டுச் சத்தம் போட்டால், காப்பி ஒரே இடத்தில் நின்றுவிட்டால், சாதாரண காப்பியை நிறுத்துங்கள். முட்டிக்கொண்டே இருந்தால் மீதியும் போகும். குனு டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்டது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று ஒரு கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். முழு டிஸ்க்கையும் வேறு பெரிய டிஸ்க்கில் ஒரு பிம்பமாக இறக்கிவிட்டு, மேற்கொண்டு ஆராய்ச்சியெல்லாம் அந்தப் பிம்பத்தில் செய்யுங்கள்.

தெரியாமல் அழித்த போட்டோக்களுக்கு போட்டோரெக் உதவும். கோப்பின் பெயர் பெரும்பாலும் திரும்ப வராது, படம் வரலாம். மீட்டதை அதே டிஸ்க்கில் சேமித்தால் மீட்க இருந்ததன் மேலேயே எழுதுகிறீர்கள். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. காலியான இடத்தைத் துடைக்கச் சொல்லும் டிரிம் பணி பல லினக்ஸ்களில் வாரம் ஒருமுறை தானாக ஓடுகிறது.

9. கோப்பு முறையைச் செப்பனிடும் எஃப்எஸ்சிகேவை மவுண்ட் ஆன பார்ட்டிஷனில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். கோப்புகளைக் காப்பாற்றிய பிறகு, பார்ட்டிஷனை விடுவித்து, சார்ஜர் செருகிய நிலையில் ஓட்டுங்கள். பழைய பேட்டரி 40 சதவீதம் என்று காட்டிவிட்டு நொடியில் அணையும், அதை நம்ப வேண்டாம்.

10. டிஸ்க்கின் பெயரை இரண்டு முறை படியுங்கள். நிறுவும் முன், பிம்பத்தை இறக்கும் முன், எங்கே எழுதப் போகிறீர்கள் என்பது ஒரு சின்னப் பெயரில்தான் இருக்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை நிலையான பெயர்கள் அல்ல. இன்றைக்கு எஸ்டிஏவாக வந்த டிஸ்க், நாளை பென்டிரைவைச் செருகியே பூட் செய்தால் எஸ்டிபியாக வரலாம். மலிவுக் கருவிகளில் உள்ளிருக்கும் சேமிப்பு ஈஎம்எம்சி என்றால் எம்எம்சிபிஎல்கே என்று தொடங்கும். பெயரை நம்பாமல் கொள்ளளவையும் தயாரிப்பாளர் பெயரையும் பாருங்கள். பிம்பத்தை டிஸ்க்கில் எழுதும் டிடி கட்டளை “நிச்சயமா?” என்று கேட்பதே இல்லை. என்டர் தட்டும் முன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து, வரியை வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

11. நிறுவிய பிறகு வரும் சில்லறைத் தொல்லைகளுக்குப் பயப்பட வேண்டாம். பூட் ஆகும்போது சரியாக 1 நிமிடம் 30 விநாடி நின்று போகிறதா? எஃப்எஸ்டேப் கோப்பில் இப்போது இல்லாத பார்ட்டிஷனின் எண் எழுதியிருக்கும். ஸ்வாப்பை மறுபடி உருவாக்கினால் அதன் அடையாள எண் மாறிவிடும். எல்லா இணையதளமும் பாதுகாப்பற்றது என்று வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்து, ஆண்டு பின்னுக்குப் போயிருக்கும். தொகுப்பு அப்டேட்டும் அதே காரணத்தால் மறுக்கும். 2 ஜிபி நினைவகம் உள்ள கருவிக்கு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி போதும், கனமான மேசைத்தளத்தைத் திணித்து அதைத் திணறவைக்க வேண்டாம்.

12. பிறர் வீட்டுக் கோப்புகள் உங்கள் முன்னால் திறந்து கிடக்கும். காப்பி சரியா என்று பார்க்க எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று உரியவரிடமே கேளுங்கள். முடிந்தால் அவர் முன்னிலையில் அவரையே திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து, எல்லாம் வந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகு உங்களிடம் உள்ள பிரதியை அழித்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் தங்கள் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்கத் தயங்குவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, அந்தத் தயக்கம் தேவையில்லாத இடமாக உங்கள் மேசை இருக்கட்டும். முழு டிஸ்க்கும் லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டு, கடவுச்சொல்லும் மறந்துபோயிருந்தால் திறக்க வழியில்லை என்று நேராகச் சொல்லுங்கள். வீண் நம்பிக்கை கொடுத்துக் கருவியை வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

13. ஒப்படைக்கும் முன் பென்டிரைவை எடுத்துவிட்டு ஒருமுறை முழுதாக அணைத்து இயக்குங்கள். வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிப்பது, தமிழ்99 விசைப்பலகை எல்லாவற்றையும் அவர்களையே சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு, கருவி நலமாக இருக்கும் அந்த நேரத்திலேயே, குளோன்சில்லாவால் முழு டிஸ்க்கின் பிம்பம் ஒன்றை எடுத்துவிடுங்கள். எக்ஸ்ட்4 போன்ற பழகிய கோப்பு முறைகளில் அது எழுதப்பட்ட பகுதியை மட்டும் எடுப்பதால் புதிதாக நிறுவிய சிஸ்டம் சிறிய பென்டிரைவிலேயே அடங்கிவிடும். திரும்ப இறக்கும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பதால் அதன் அளவையும், கருவியின் மாடலையும், பூட் மெனுச் சாவியையும், தேதியையும் ஒரு சீட்டில் எழுதி பென்டிரைவோடு கட்டி, சார்ஜர் பையிலேயே போட்டுக் கொடுங்கள்.