திரையில் ஓடும் கோடு

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் தலைமாட்டில் ஒரு திரை இருக்கும். அதில் ஒரு கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். இதயம் துடிப்பதை நேரில் காட்டும் கருவி அது என்று பலர் எண்ணுகின்றனர். மாணவர்களே, அது ஒருவகை வோல்ட்மீட்டர்தான். மின்சாரத்தை அளக்கிறதேயன்றி இதயத்தைப் பார்ப்பதில்லை.

இதயத் தசை சுருங்குவதற்குச் சற்று முன் அதில் ஒரு மின்மாற்றம் பரவுகிறது. மார்பின் தோலில் ஒட்டிய மின்முனைகள் வரை அது எட்டும்போது அதன் அளவு ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். டார்ச் விளக்கின் செல்லோ 1.5 வோல்ட்! கீழறைகள் இயங்கும்போது எழும் கூரிய முகட்டுக்கு ‘ஆர்’ அலை என்று பெயர். இப்பெயரை இட்டவர் 1924இல் நோபல் பரிசு பெற்ற ஐன்தோவன் என்ற டச்சு அறிஞர்.

இரண்டு ஆர் அலைகளுக்கு இடைவெளி 0.8 வினாடி என்றால், 60-ஐ 0.8-ஆல் வகுங்கள், நிமிடத்துக்கு 75 துடிப்பு. கணக்கு எளிது. எது ஆர் அலை என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். மூச்சு விடும்போது கோடு மெல்ல அசையும். அறையின் மின்கம்பிகளிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வந்து கலக்கும். முதலில் இவற்றை வடிகட்ட வேண்டும். பிறகு உயரத்தை மட்டும் பாராமல் சரிவைப் பார்க்க வேண்டும். 1985இல் பான், டாம்ப்கின்ஸ் இருவரும் வெளியிட்ட முறையில் சரிவைக் கணக்கிட்டு வர்க்கமாக்குகிறார்கள். ஏன்? ஒன்றின் சரிவு 2, மற்றதன் சரிவு 10 என்று கொள்ளுங்கள். வர்க்கமாக்கினால் 4, 100. ஐந்து மடங்கு வேறுபாடு இருபத்தைந்து மடங்காகிவிடுகிறது! இறக்கத்தின் எதிர்க்குறியும் மறைந்துவிடுகிறது.

இனி ஒழுங்கின்மைக்கு வருவோம். மேலறைகள் நடுங்கினால் இடைவெளிகள் தாறுமாறாகும். கீழறையே முந்திக்கொண்டு துடித்தால், அகன்ற அலையொன்று நேரத்துக்கு முன்பே வரும். கீழறைகள் நடுங்கும்போது முகடே இராது, ஒழுங்கற்ற நெளிவுதான். அப்போது இரத்த ஓட்டம் நின்றுவிடுவதால் சில நிமிடங்களில் மூளை பாழாகும். கருவி உடனே அலற வேண்டும்.

ஆனால் நோயாளி எழுந்து உட்கார்ந்து பல் துலக்கினாலும் அது அலறக்கூடும்! கை ஆடுவதும் தசை இயங்குவதும் வினாடிக்கு நாலைந்து அலைகளை உண்டாக்கி, கீழறையின் அதிவேகத் துடிப்பைப் போலத் தோற்றம் தரும். கருவியின் உணர்திறனைக் குறைத்துவிடலாமே என்பீர்கள். குறைத்தால் மெய்யான ஆபத்து ஒன்று தப்பிவிடலாம். குறைக்காவிட்டால் ‘புலி வருது’ கதைதான். ஓயாத ஓசையில் செவிலியரின் காது மரத்துப்போகும்.

இதற்கு நல்ல வழி வேறொரு சாட்சியைக் கேட்பது. விரலில் மாட்டிய கவ்வி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பாய்ந்து ஒளி சற்றுக் குறையும். மார்புக் கோடு கலைந்திருக்க, விரல் அலை மட்டும் சீராக வந்தால், பெரும்பாலும் பல்துலக்கும் வேலைதான்.

இதற்கு நேர்மாறும் உண்டு. கோடு ஒழுங்காக ஓடும்; இதயமோ இரத்தத்தை இறைக்காது. மின்சாரம் இருக்கிறது, சுருக்கம் இல்லை. ஆகவே அனுபவமுள்ள செவிலியர் மணி அடித்ததும் திரையை விட்டு நோயாளியைப் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் அவர் கை கழுத்து நாடிக்குப் போகிறது.