சக்கரங்களின் மேல் ஒரு விடுமுறை

விடுமுறை என்றதும் வீட்டில் எழும் முதற்கேள்வி, எங்கே தங்குவது என்பதாகும். அடுத்த கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பது. இவ்விரண்டுக்கும் வீட்டையே வண்டியில் பூட்டி இழுத்துச் சென்று விடை காணும் மக்கள் ஒரு நாட்டில் இருக்கிறார்கள். முன்னாளில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வாணிகம் செய்த ஒல்லாந்தரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அவர்களுடைய நெதர்லாந்துதான் அந்நாடு. தோழியரே, வாருங்கள்! பயணச்சீட்டு வாங்காமலே கற்பனையில் அங்கே ஒருமுறை சென்று வருவோம்.

வண்டியே வீடு

கேரவன் என்பது சக்கரம் பூட்டிய சிறு வீடு. இதற்குத் தனியே எஞ்சின் கிடையாது. காரின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். பகலில் இருக்கையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் பலகைகள், எரிவாயு அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரிகள் எல்லாம் அதனுள் அடக்கமாக அமைந்திருக்கும். சைக்கிள்களையும் உடன் ஏற்றிக் கொள்ளலாம்.

1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் உல்லாசப் பயணத்திற்கென்றே ஒரு கேரவன் செய்வித்தார். அதைக் குதிரைகள் இழுத்தன. அந்நாட்டிலேயே தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் தையற்காரர், கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிச் சென்று திறந்த வெளியில் தங்கும் வழக்கத்தைப் பரப்பினார். 1901இல் அதற்கென ஒரு சங்கமும் கண்டார். ஆகவே முகாமும் சைக்கிளும் நெடுநாள் தோழர்கள் எனலாம்.

சங்கத்து முகாம்

நெதர்லாந்தில் 1912ஆம் ஆண்டிலேயே முகாம் ஆர்வலர்களின் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. பின்னர் கேரவன் வைத்திருப்போரும் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். இச்சங்கங்கள் காட்டோரங்களிலும் வயலோரங்களிலும் சொந்த முகாம் நிலங்களை வைத்திருக்கின்றன. பெரிய வணிக முகாம்களில் இருப்பது போன்ற நீச்சல் குளமோ உணவு விடுதியோ இங்கு எதிர்பார்க்கக் கூடாது. புல்வெளி, மரநிழல், தண்ணீர்க் குழாய், கழிப்பிடம் முதலிய எளிய வசதிகளே முக்கியம்.

இம்முகாம்களின் சிறப்பு வேறொன்றில் இருக்கிறது. இங்கே உறுப்பினர்களே உழைப்பாளிகள். புதிதாக வருவோரை வரவேற்பதும், இடம் காட்டுவதும், புல் வெட்டுவதும், துப்புரவு செய்வதும் ஊதியம் வாங்காத உறுப்பினர்களின் தொண்டு. "இது என் வேலையன்று" என்று ஒருவர் ஒதுங்கினால் அச்சுமை அடுத்தவர் தோளில் ஏறும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வது இதைத்தானே! சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் முன்பின் அறியாதவரும் விரைவில் நண்பராகிவிடுகிறார்.

எண்களைத் தொடர்ந்து

கேரவனை நிறுத்தியாயிற்று. இனி சைக்கிள்களை இறக்குவோம். இந்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்திற்கும் தாழ்வானது. 1932இல் 32 கிலோமீட்டர் நீள அணைகட்டிக் கடலைத் தடுத்து, பிறகு நீரை இறைத்து நிலமாக்கிய பகுதிகளும் உண்டு. அவ்வாறு பிறந்த ஃபிளெவோலாண்ட் 1986இல் ஒரு மாநிலமே ஆயிற்று. ஒரு காலத்தில் மீன்கள் நீந்திய இடத்தில் இன்று நாம் சைக்கிள் மிதிக்கலாம்! ஏறுவதற்குப் பெரிய மலைகள் இல்லையே என்று மகிழ வேண்டாம். தடுக்க ஒன்றுமில்லாத சமவெளியில் எதிர்காற்று நம்மை நன்றாகவே சோதிக்கும்.

வழி தவறும் அச்சமும் இல்லை. பாதைகள் கூடும் சந்திகளில் எண் எழுதிய பலகைகள் உள்ளன. போகவேண்டிய எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டால் போதும். அம்புக்குறிகளே அழைத்துச் செல்லும். 1995இல் அண்டை நாடான பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் தொடங்கிய இம்முறை, பின்னர் நெதர்லாந்திலும் பரவியது.

கண்ணீரில் பிறந்த பாதை

இத்தகைய பாதுகாப்பு தானாக வந்துவிட்டதா? இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கார்கள் பெருகின. சைக்கிளில் சென்றோர் ஓரத்திற்குத் தள்ளப்பட்டனர். 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அவ்வாண்டில் பள்ளிக்குச் சைக்கிளில் சென்ற தம் சிறு மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்னும் பத்திரிகையாளர், குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று 1972இல் எழுதினார். அந்தத் தந்தையின் குரல் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் வீதியில் இறங்கினர். ஆம்ஸ்டர்டாமின் தெ பைப் பகுதியில் பிள்ளைகளே, விளையாட எங்களுக்குத் தெரு வேண்டும் என்று போராடினர். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. அமைதியான சாலைகளில் சைக்கிள்கள் உலாவின. கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர்.

அதன்பின் சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகள் பெருகின. இன்று அந்நாட்டில் மனிதரைவிடச் சைக்கிள்களே அதிகம். தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாலை விதிகளில் எழுத்துத் தேர்வும், சைக்கிள் ஓட்டிக் காட்டும் தேர்வும் நடத்துகிறார்கள். கணக்குத் தேர்வைப் போல இதற்கும் மதிப்பு!

முடிவுரை

நமது கற்பனைப் பயணம் முடிந்தது. நாம் கண்டவை இரண்டு. முகாமின் மகிழ்ச்சி, ஒவ்வொருவரும் தம் பங்கு வேலையைச் செய்வதால் வருகிறது. பாதையின் பாதுகாப்பு, பிறர் பிள்ளையின் உயிரையும் தம் பிள்ளையின் உயிராக எண்ணியவர்களால் வந்தது. பிறரை நேசி என்று நாம் நாள்தோறும் கற்கும் பாடத்திற்குச் சாலையும் ஒரு வகுப்பறையே. சைக்கிளில் பள்ளிக்கு வரும் நாம் அடுத்தவருக்கு வழிவிட்டுச் செல்வோம். வழியில் ஒருத்தியின் சங்கிலி கழன்றால் நின்று உதவுவோம். விடுமுறைக்கு வெளியூர் சென்றால், தங்கிய இடத்தை வந்தபோது இருந்ததைவிடத் தூய்மையாக விட்டுவருவோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி