ஆனந்தின் 23 நகர்வுகள்

செஸ்ஸில் 'ஓப்பனிங்' என்றாலே மனப்பாட சமாச்சாரம், காசு கட்டி கோச்சிங் போகிறவனுக்குத்தான் சரிப்படும் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்ததே நான்தான் முதல். கோச்சுக்கு எங்கே போவது? ஆனாலும் ஒரே ஒரு ஆட்டத்தைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் ஓப்பனிங் பிடிபடும். போர்டை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

2013 ஜனவரி, நெதர்லாந்தின் விக் ஆன் சீ, டாடா ஸ்டீல் போட்டி. வெள்ளை ஆர்மேனியாவின் லெவோன் அரோனியன். கறுப்பு நம்ம விஸ்வநாதன் ஆனந்த், அப்போது உலகச் சாம்பியன். ஓப்பனிங், செமி ஸ்லாவில் மெரான் கிளை. கணக்கு எளிதுதான். கறுப்பு சி4 சிப்பாயை வெட்டும். வெள்ளை பிஷப் திரும்ப வெட்டியதும் பி5 தள்ளி அதை விரட்டும். பிறகு பி7-ல் பிஷப்பை வைத்து, நேரம் பார்த்து சி5. உடனே அந்த பிஷப்புக்கு வெள்ளை ராஜாவின் மூலை வரை வழி திறந்துவிடும்.

12-வது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து எச்7-ஐக் குறி வைத்தது. ஆனந்த் தடுக்கவில்லை, சி5 தள்ளினார்! குதிரை எச்7-ஐ வெட்டியது. ஆனந்தின் குதிரை ஜி4-க்குப் பாய்ந்தது. வெள்ளை எஃப்4. டி4-ல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டதும் ஆனந்த் பிஷப்பை சி5-ல் வெட்டக் கொடுத்தார். அரோனியன் தொடாமல் தன் பிஷப்பை ஈ2-க்கு இழுத்தார். அடுத்து ஆனந்தின் இன்னொரு குதிரை ஈ5-ல், எஃப்4 சிப்பாயின் வாயிலேயே!

எங்க அப்பா கொத்தனார். நான் போட்டுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ஏம்பா, சும்மா நிக்கிற குதிரையை வெட்ட வேண்டியதுதானே?" என்றார். நியாயமான கேள்வி. வெட்டினால், கறுப்பு ராணி டி4-ஐ வெட்டி செக். ராஜா எச்1 மூலைக்குப் போகும். ராணி ஜி1-ல் மறுபடி செக். சி5 பிஷப் காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்டணும். உடனே ஜி4 குதிரை எஃப்2-ல் மேட்! சொந்த யானையும் சொந்த சிப்பாய்களும் சுற்றி நிற்க, ராஜாவுக்கு மூச்சு விட இடமில்லை. அப்பா மூன்று தடவை காய்களைத் திருப்பி வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

அரோனியனுக்கு இது தெரியாதா? ஜி4 குதிரையை வெட்டிப் பார்த்தார், எஃப்8 யானையையும் வெட்டினார். ஆனந்த் யானையைத் திரும்ப வெட்டாமல் எஃப்5 தள்ளியது எனக்கு ரொம்பப் பிடித்த நகர்வு. 23-வது நகர்வில் பிஷப் ஈ3, அரோனியன் ஒப்புக்கொண்டார்.

இது மேஜையில் உட்கார்ந்ததும் உதித்த யோசனை இல்லை. 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலகச் சாம்பியன் மேட்சுக்காக ஆனந்தின் குழு உழைத்தது, இங்கே பலன் தந்தது. அதற்கும் முன்னோடி உண்டு. 1907-ல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் ஜெயித்த ஆட்டத்திலும் கறுப்பின் இரண்டு பிஷப்புகள் இதே மாதிரி ராஜாவை நோக்கி நிற்கும். 22-வது நகர்வில் எச்4-ல் நிற்கும் ராணியை வெட்ட விட்டுவிட்டு, ரூபின்ஸ்டைன் யானையால் சி3-ல் வெட்டுவார். ஏன் என்று கண்டுபிடித்தவர்கள் மதிய இடைவேளையில் சிவில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள். போர்டு நான் கொண்டு வருகிறேன்.