கல் மாளிகையும் சந்தன மணமும்

பெங்களூரு நகரின் நடுவில் ஒரு பெரிய கல் மாளிகை நிற்கிறது. அதன் பெயர் விதான சௌதா. கர்நாடக மாநிலத்தின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அங்கே உள்ளன.

1951-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார். பிறகு முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தையா முன்நின்று கட்டினார். 1956-இல் வேலை முடிந்தது.

ஆனால் கல்லை உடைத்தவர்கள் யார்? செதுக்கியவர்கள் யார்? சுமந்தவர்கள் யார்? ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். அவர்களில் சிறைக் கைதிகளும் இருந்தார்கள். மாளிகையைப் பார்க்கும்போது அந்தக் கைகளையும் நினைக்க வேண்டும்.

அமைச்சரவை கூடும் அறைக்குச் சந்தன மரத்தால் ஆன பெரிய கதவு உண்டு. கர்நாடகம் சந்தனத்துக்குப் பேர்போன இடம் அல்லவா!

ஊர் பார்க்க வருபவர்கள் நினைவுப் பொருள் தேடுவார்கள். சந்தன மணம் உள்ள ஒரு மெழுகுவர்த்தி. அதன் டப்பாவில் விதான சௌதாவின் படம். இதைச் செய்து விற்கலாமே!

சோயா மெழுகு என்றால் என்ன?

கடையில் விற்கும் சாதாரண மெழுகுவர்த்தி பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் மெழுகால் ஆனது. சோயா மெழுகு சோயா மொச்சையின் எண்ணெயிலிருந்து வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் சோயா மிகுதியாக விளைகிறது. ஆலையில் இந்த எண்ணெயுடன் ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். வனஸ்பதி செய்வதும் இப்படித்தான்.

இந்த மெழுகு மென்மையானது. அதனால் தனியே நிற்கும் வர்த்தியாகச் செய்வது கடினம். தகர டப்பாவிலோ கண்ணாடிக் குவளையிலோ ஊற்றுவதே நல்லது.

செய்யும் முறை

1. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்குங்கள். அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை வையுங்கள். மெழுகை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது.
2. மெழுகு முழுதும் உருகட்டும். சூடு 75 டிகிரி அளவில் இருக்கும்போது வாசனை எண்ணெயை விடுங்கள். 100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் போதும். நன்றாகக் கலக்குங்கள்.
3. டப்பாவின் நடுவில் பருத்தித் திரியை நேராக நிறுத்துங்கள்.
4. சூடு 60 டிகிரிக்குக் குறைந்ததும் மெதுவாக ஊற்றுங்கள்.
5. ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். பிறகு மூடி போட்டு ஒரு வாரம் வையுங்கள். மணம் நன்கு சேரும்.

கவனம்! மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ மேலே பாயும். அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

படம் போடும் முன்

விதான சௌதாவின் உச்சியில் சிங்கத் தலைச் சின்னம் உள்ளது. அது நமது நாட்டுச் சின்னம். அனுமதி இல்லாமல் அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. எனவே தூண்களையும் படிகளையும் வரையுங்கள். சிங்கத்தை விட்டுவிடுங்கள். அரசு செய்த பொருள் என்று எண்ணும்படி எதுவும் எழுதாதீர்கள்.

உண்மையான சந்தன எண்ணெய் விலை மிக அதிகம். கலவை வாசனையைச் சேர்த்தால் "சந்தன மணம்" என்று மட்டும் எழுதுங்கள். "சுத்தமான சந்தன எண்ணெய்" என்று எழுதுவது பொய்.

கணக்குப் போடுவோம்

ஒரு மகளிர் குழு 10 மெழுகுவர்த்திகள் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 150 கிராம் மெழுகு. செலவு இப்படி இருக்கட்டும்:

மெழுகு ஒன்றரை கிலோ – ரூ. 450
வாசனை எண்ணெய் 90 கிராம் – ரூ. 270
டப்பாக்கள் – ரூ. 250
திரி, படம், அட்டைப்பெட்டி – ரூ. 130
எரிவாயு – ரூ. 20
மொத்தம் – ரூ. 1,120

"ஒன்றுக்கு 112 ரூபாய் ஆகுது அக்கா. 130-க்கு விற்றால் 18 ரூபாய் லாபம்!" என்கிறாள் இளையவள்.

"நம்ம ரெண்டு பேரும் அரை நாள் வேலை செய்தோமே, அது எங்கே?" என்று கேட்கிறாள் மூத்தவள்.

"அது வீட்டு வேலை மாதிரிதானே அக்கா."

"இல்லடி. வேறு இடத்துக்குப் போனா கூலி கிடைக்கும். இங்கே மட்டும் ஏன் சும்மா? ஆளுக்கு 200 ரூபாய் எழுது."

இப்போது மொத்தம் ரூ. 1,520. ஒன்றுக்கு ரூ. 152. அதை 130-க்கு விற்றால் லாபம் இல்லை. 22 ரூபாய் நஷ்டம்! அந்த நஷ்டம் பெண்களின் கூலியிலிருந்துதான் போகிறது.

கல் மாளிகை ஆனாலும் சின்ன மெழுகுவர்த்தி ஆனாலும் உழைப்பு இல்லாமல் உருவாகாது. உழைப்பைக் கணக்கில் எழுதுங்கள். பிறகு விலை சொல்லுங்கள்.

பயிற்சி

1. மெழுகை ஏன் நேராக அடுப்பில் வைக்கக் கூடாது?
2. ஒரு மெழுகுவர்த்தியை 180 ரூபாய்க்கு விற்றால் 10-க்கு எவ்வளவு லாபம்?
3. உங்கள் ஊரில் உள்ள பழைய அரசுக் கட்டடம் எது? அதைக் கட்டியவர்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.
4. உங்கள் வீட்டில் கூலி எழுதாத வேலைகள் எவை? குழுவில் பேசுங்கள்.