டர்போ ஊதவில்லையா? முதலில் குழாயைப் பாருங்கள்

காரை வேகமாக்கும் ஆசை கோவைக்குப் புதிதல்ல. கரிவர்தன் பந்தயக் கார்கள் கட்டிய ஊர் இது. 2018-ல் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவுடன் சேர்ந்து டியாகோ, டிகோர் கார்களுக்கு டர்போ பொருத்தித் தந்ததும் இங்கிருந்துதான். சரவணம்பட்டி அடுக்குமாடிகளின் கீழே எஞ்சின் கணினியை ரீமேப் செய்த கார்கள் நிறையவே நிற்கின்றன. பிக்கப் குறைந்தால் உடனே ‘டர்போ போச்சு’ என்று முடிவுகட்டி ஐம்பதாயிரம் எடுத்து வைக்காதீர்கள். கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

1. கோளாறு எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்: பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறவே இல்லையா, அளவு மீறுகிறதா, ஏறி இறங்கி ஆடுகிறதா? ப்ளூடூத் ஓபிடி கருவியைச் செருகிப் பாருங்கள்: பி0299 என்று வந்தால் குறைவு, பி0234 என்று வந்தால் மிகுதி. மிகுதி என்றால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். பெட்ரோல் எஞ்சினில் அளவு மீறிய காற்று பிஸ்டனையே உடைத்துவிடும்.

2. டர்போவிலிருந்து, வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். அது கழன்றாலோ வெடித்தாலோ வேஸ்ட்கேட் (புகையைத் திருப்பிவிட்டு டர்போவைக் கட்டுப்படுத்தும் கதவு) திறக்காது, பூஸ்ட் எகிறும். ஐடி பார்க்கில் நாள் முழுக்க நிற்கும் வண்டி என்றால் எலிக் கடியையும் தேடுங்கள்.

3. காற்றுக் கசிவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கணபதி லேத் பட்டறையில் டர்போவின் வாய் அளவுக்கு ஒரு மூடி கடைந்து, நடுவில் டயர் வால்வு பொருத்தித் தரச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி அந்த மூடியை மாட்டி, பிசிவி குழாயையும் அடைத்துவிட்டு, 10 பிஎஸ்ஐ வரை மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். இன்டர்கூலர் மூட்டு, சிலிக்கான் ஹோஸ், டைவர்ட்டர் வால்வு என எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கேதான் உங்கள் பிக்கப் போகிறது. திருகி இறுக்கும் சாதாரண கிளிப்பை எடுத்துவிட்டு டி-போல்ட் கிளிப் போட்டால் நின்று பிடிக்கும்.

4. எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். பூஸ்ட் கன்ட்ரோலர், சோலனாய்டு இரண்டையும் விலக்கிவிட்டு, டர்போவின் காற்று முனையிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராகக் குழாய் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். இப்போது ஸ்பிரிங் அனுமதிக்கும் அளவுதான் பூஸ்ட் வர வேண்டும். ஸ்பிரிங் 0.5 பார் என்று வைத்துக்கொள்வோம்; பூஸ்ட் மீட்டரின் முள் 0.5-ல் நின்றால், டர்போ நன்றாக இருக்கிறது. குற்றம் கன்ட்ரோலரிலோ ரீமேப்பிலோ. அந்த அளவையே தொடவில்லை என்றால் கசிவு, அல்லது மூடாத வேஸ்ட்கேட். இந்த ஒரு சோதனையில் பாதித் தேடல் குறைந்துவிடும். எலெக்ட்ரிக் வேஸ்ட்கேட் உள்ள கார்களுக்கு இது பொருந்தாது.

5. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் தானாக ஏறிக்கொண்டே போகிறதா? பெரிய டவுன்பைப், ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் போட்ட பிறகு தொடங்கியதா? அப்படியானால் வேஸ்ட்கேட் துளை போதவில்லை. கன்ட்ரோலரை எவ்வளவு திருகினாலும் தீராது; துளையை அகலப்படுத்தத்தான் வேண்டும்.

6. ஆக்சுவேட்டரின் கம்பி நகர்கிறதா என்று, அளவுமானி உள்ள சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்துப் பாருங்கள். அழுத்தம் நிற்காமல் இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

7. பூஸ்ட் ஒரு கணம் எகிறி இறங்கினால் கன்ட்ரோலர் குழாய்களின் நீளத்தைக் குறையுங்கள்.

8. முழு பூஸ்டில் வண்டி விக்கினால் அது பெரும்பாலும் ஸ்பார்க் பிளக். காற்று கூடும்போது பொறி தாண்டுவது கடினம். இடைவெளியைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

9. அசையும் இதழ்கள் கொண்ட டீசல் விஜிடி டர்போவில் கரி படிந்து அவை ஒட்டிக்கொள்ளும். சரவணம்பட்டி சிக்னலில் ஊர்ந்து ஊர்ந்தே ஓடும் வண்டிக்கு இது சீக்கிரம் வரும். கழற்றுவதற்கு முன் வாக்குவம் குழாய்களைச் சோதியுங்கள்.

10. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் பிக்கப் குறைந்தால் பதறாதீர்கள். அங்கே காற்றழுத்தமே சுமார் 0.78 பார்தான், நம்மூரில் 0.96 அளவில் இருக்கும். இந்தக் குறையை ஈடுகட்ட மலையில் கன்ட்ரோலரைத் திருகாதீர்கள். கீழே இறங்கியதும் பூஸ்ட் அளவு மீறிவிடும்.

11. திருத்திய வண்டியைச் சத்தி ரோட்டில் அழுத்திப் பார்க்கவே கூடாது. கல்லூரிப் பிள்ளைகள் குறுக்கே வரும் சாலை அது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பயிற்சி நாள் எப்போது என்று கேட்டு, அங்கே கொண்டு போங்கள்.